பிறந்த குழந்தையின் சிறுநீரில் ‘மூளைப் பரிசோதனை’: வேலூர் ஆய்வகமொன்றில் 1,850 ரூபாய்க்கு வாங்கியது

ரிப்போர்ட் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஆய்வகத்தின் பெயரும் முத்திரையும், உறங்கும் குழந்தையின் தலைக்குள் நீலமும் ஊதாவுமாக ஒளிரும் ஒரு மூளைப் படமும் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் மூன்றே எண்கள்: யூரிக் அமிலம் 38, கிரியாட்டினின் 26, இரண்டுக்குமான விகிதம் 1.46. விகிதத்துக்குப் பக்கத்தில் ‘எச்’ (‘ஹை’, அதாவது அளவு அதிகம்) என்று தடித்த எழுத்தில் ஒரு குறி. அதற்கடுத்த கட்டத்தில், இயல்பான அளவு 0.25 முதல் 0.75 வரை என்று அச்சாகியிருந்தது. பிறந்து ஒன்றரை நாள்கூட ஆகாத என் பேத்தியின் சிறுநீரை, வளர்ந்த ஆளுக்குரிய அளவுகோலை வைத்து அளந்திருக்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. என் மகளுக்குத் தெரியவில்லை. தையல் போட்ட வலியோடு படுத்திருந்தவள், கைப்பேசியில் வந்த அந்த ‘எச்’சைப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் வரை ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய ஆண்டு, 1988இல், ராணிப்பேட்டையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த 2019இல் உயிர்வேதியியல் பிரிவு மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்த மதிப்புரையை ஒரு தாத்தாவாகவும், அதே தொழிலில் காலத்தைக் கழித்தவனாகவும் எழுதுகிறேன். ஆய்வகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைக் காட்டிலும், அங்கே விற்கப்படும் பொருள் என்ன என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

குடியாத்தம் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பிரசவ மனையில், அதிகாலை 3.40க்குக் குழந்தை பிறந்தது. எடை 2.9 கிலோ. கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, பிறந்ததும் அழவில்லை. துண்டால் துடைத்து, முதுகைத் தேய்த்து, வாயிலும் மூக்கிலும் சளியை உறிஞ்சி எடுத்து, பிறகு ஆம்பு பையால் மூச்சுக் கொடுத்ததில் அழுகை வந்திருக்கிறது. அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 5, ஐந்தாம் நிமிடத்தில் 8. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண் வீதம் பத்துக்குப் போடும் இந்தக் கணக்கை வர்ஜீனியா அப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் 1953இல் வெளியிட்டார். இன்றும் பிரசவ அறையில் முதலில் எழுதப்படுவது அதுதான். ஐந்தாம் நிமிடத்தில் எட்டு வந்த குழந்தையைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்றும், இருந்தாலும் ஒரு நாள் வார்மர் என்ற வெதுவெதுப்பான படுக்கையில் வைத்துக் கவனிப்போம் என்றும் மருத்துவர் சொன்னார். சரியான பேச்சு அது. நாங்கள் அதோடு நின்றிருக்கலாம்.

காலையில் வரவேற்பு மேசையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. ‘அழாமல் பிறந்த குழந்தையா? ஊசி இல்லை, இரத்தம் இல்லை, சிறுநீரிலேயே மூளைப் பாதிப்பைக் கண்டறியலாம்’ என்பது அதன் வாசகம். கீழே சிறிய எழுத்தில், அமெரிக்காவில் அனுமதி பெற்ற தொழில்நுட்பம் என்று இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்தது, தலையில் அடிபட்ட பெரியவர்களுக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய உதவும் ஓர் இரத்தப் பரிசோதனையை. அதில் அளக்கப்படுபவை ஜிஎஃப்ஏபி, யூசிஎச்எல்1 என்ற இரண்டு புரதங்கள். அதற்கும் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் நோட்டீஸைப் படித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை ஜிபேயில் பணத்தைக் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூளை என்ற சொல்லைப் பார்த்துவிட்டு 1,850 ரூபாய்க்கு யோசிக்கும் தகப்பன் யார்?

மாதிரி எடுப்பதற்கான பெட்டி பதினொரு மணிக்கு வந்தது. இத்தகைய ஆய்வுகளில் முதல் சிறுநீருக்குத் தனி மதிப்பு உண்டு என்பதால், என் பேத்தியின் முதல் சிறுநீர் எங்கே போயிற்று என்று விசாரித்தேன். ஆம்பு பையை எடுத்த சில நிமிடங்களில், பிரசவ மேசையிலேயே, சிஸ்டரின் ஏப்ரன்மேல் போயிருக்கிறது. “நல்ல சகுனம்னு சிரிச்சோம் சார்” என்றார் அவர். சிரித்தது நியாயம்தான், சிறுநீர் இறங்கினால் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் பரிசோதனைக்குத் தேவையான முதல் மாதிரி, பெட்டி வருவதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்விட்டது. இப்படி ஒரு சேவையை நடத்துகிறவர்கள் பெட்டியைப் பிரசவ அறையிலேயே வைத்திருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு வண்டியில் கொண்டுவந்து கொடுப்பது, மழை பெய்து ஓய்ந்த பிறகு பாத்திரம் வைப்பது போன்றது.

பெட்டிக்குள் இருந்தவை: வாயைச் சுற்றிப் பசை தடவிய சிறு பிளாஸ்டிக் பை இரண்டு, மூடியுள்ள குழாய் ஒன்று, கையுறை ஒரு ஜோடி, ஜெல் ஐஸ் பொட்டலம், ஒரு படிவம். பசைப் பை பையன்களுக்கு ஓரளவு நிற்கும். பெண் குழந்தைக்கு, அதுவும் பிறந்த அன்றைக்கு, மாவு பூசினாற்போல் தோலில் வெண்படலம் இருக்கும்போது ஒட்டவே ஒட்டாது. முதல் பை நழுவியது. இரண்டாவது பையில் மலம் கலந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்தபோது தொடையிடுக்கில் தோல் சிவந்திருந்தது. “பை நிக்காது சார், பஞ்சு வெச்சி எடுத்துக்கலாமா?” என்று கேட்ட சிஸ்டர், கடைசியில் பழைய முறைக்கே வந்தார். சுத்தமான பஞ்சுருண்டைகள் நான்கைத் துணி நாப்கினுக்குள் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். டயப்பர் போட்டிருந்தால் இதுவும் நடந்திருக்காது, அதிலுள்ள ஜெல் குருணைகள் உறிஞ்சிய நீரைத் திரும்பக் கொடுக்காது. மத்தியானம் 1.20க்கு என் மகள் குரல் கொடுத்தாள்: “நைனா, பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா.” சிஸ்டர் ஐந்து மில்லி சிரிஞ்சின் தண்டை உருவி, ஈரப் பஞ்சை உள்ளே திணித்து, தண்டை மறுபடி நுழைத்து அழுத்தினார். மூன்று மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகக் குழாயில் இறங்கியது. இந்தச் சேவை முழுவதிலும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கத்தக்க வேலை அது ஒன்றுதான்; அதைச் செய்தவர் ஆய்வகத்தைச் சேர்ந்தவர் அல்லர், பெட்டியிலிருந்த செய்முறைத் தாளில் பஞ்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

படிவத்தில் குழந்தை பிறந்த நேரத்துக்குக் கட்டம் இல்லை. சிறுநீர் கழித்த நேரத்துக்கும் கட்டம் இல்லை. ‘பதிவு நேரம்’ என்று ஒன்று மட்டும் இருந்தது, அதை ஆய்வகமே நிரப்பிக்கொள்ளுமாம். நான் குழாயின்மேல் பால்பாயின்ட் பேனாவால் ‘1.20’ என்று எழுதினேன். பின்னால் ஆய்வகத்தில் போய்ப் பார்த்தபோது, சரியாக அந்த எழுத்தின்மேல் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் அச்சானது மாலை 5.42.

நேரத்தைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்வானேன் என்று தோன்றலாம். குழந்தைக்குப் பிறப்பின்போது ஆக்சிஜன் குறைந்தால், செல்களில் ஆற்றலைத் தாங்கும் ஏடிபி என்ற பொருள் செலவாகிப் படிப்படியாக உடைகிறது. உடைந்தது அடினோசின், இனோசின், ஹைப்போசாந்தின், சாந்தின் என்று இறங்கி யூரிக் அமிலமாக முடிந்து சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர் நீர்த்திருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்பது எண்ணைக் குழப்பாமல் இருக்க, அதே மாதிரியிலுள்ள, தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினால் வகுத்து விகிதமாகச் சொல்கிறோம். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளில் இந்த விகிதம் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருப்பதை இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் நல்ல மூச்சோடு பிறந்த குழந்தைக்கும் முதல் நாட்களில் இந்த விகிதம் பெரியவர்களைவிட அதிகம். நாள் செல்லச் செல்லக் குறையும். எந்த மணியில் எடுத்த சிறுநீர் என்று தெரியாமல் இந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. போதாக்குறைக்கு, முதல் நாட்களில் குழந்தையின் இரத்தத்தில் ஓடும் கிரியாட்டினினில் பெரும்பங்கு தாயிடமிருந்து வந்தது. அதாவது வகுக்கும் எண்ணிலும் என் மகளின் பங்கு இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன கதையில் மூளை எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. ஏடிபி உடைவது தசையிலும் குடலிலும் ஈரலிலும் நடக்கும். யூரிக் அமில விகிதம், உடல் முழுவதும் பட்ட மூச்சுத்திணறலின் சாட்சி. அந்தத் திணறல் மூளையைத் தொட்டதா என்று அது நேரடியாகச் சொல்லாது. மூச்சுத்திணறல் பரிசோதனை என்று நோட்டீஸில் போட்டிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. மூளை என்று போட்டு, மூளைப் படத்தையும் அச்சிட்டு, அளந்தது இதுதான் என்றால் அது நல்லெண்ணெய்ச் சீட்டு ஒட்டிய டப்பாவில் கடலை எண்ணெய் விற்பதுதான்.

சிறுநீரில் இதைவிட நெருங்கிய சாட்சிகள் இல்லாமல் இல்லை. 1999இல் தைவான் மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வை நான் அப்போதே ஆசையாகப் படித்தவன். மூச்சுத்திணறலோடு பிறந்த 40 குழந்தைகள், இயல்பாகப் பிறந்த 58 குழந்தைகள்; பிறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்த சிறுநீரில், ஆக்சிஜன் குறைந்தால் உடலில் சேரும் லாக்டேட்டுக்கும் கிரியாட்டினினுக்குமான விகிதத்தைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானியால் அளந்தார்கள். அது 0.64 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூளைப் பாதிப்பு பின்னால் தோன்றும் என்ற கணிப்பில் 94 விழுக்காடு உணர்திறனும் (பாதிப்பு வரும் குழந்தைகளைத் தவறவிடாமை) 100 விழுக்காடு தனித்தன்மையும் (பாதிப்பு வராத குழந்தைகளைத் தவறாகக் குறிக்காமை) கிடைத்தன. பிரமாதமான எண்கள். ஆனால் பாதிப்பு தோன்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் 16 பேர் மட்டுமே, அந்த இயந்திரமோ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்குமே தவிரப் பிரசவ மனையின் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஆய்வகத்தில் இருக்காது. லாக்டேட்டும் உடல் முழுவதற்குமான சாட்சிதான் என்பது வேறு.

மூளைக்கு இன்னும் நெருங்கியது எஸ்100பி என்ற புரதம். எஸ்100 வகைப் புரதம் 1965இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நூறு விழுக்காடு தெவிட்டிய (இதற்குமேல் உப்பு கரையாத) அம்மோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்தே நிற்பதால் அந்தப் பெயர். மூளையில் நரம்பணுக்களுக்குத் துணை நிற்கும் நட்சத்திர வடிவச் செல்களில் நிறைய இருக்கிறது. மூளை அடிபட்டால் இரத்தத்தில் கசிந்து, உருவில் சிறியது என்பதால் சிறுநீரகத்தின் வழியே விரைவாக வெளியேறுகிறது. இத்தாலியில் தியேகோ கட்ஸோலோ குழுவினர் மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளின் சிறுநீரில் இதை அளந்து, பின்னால் மூளைப் பாதிப்பு தோன்றிய குழந்தைகளுக்கு முதல் சிறுநீரிலேயே அளவு உயர்ந்திருப்பதை 2004இல் எழுதினார்கள். கொழுப்புத் திசுவிலும் இந்தப் புரதம் உண்டு என்பதால் இதுவும் முழுக்க மூளைக்கே சொந்தமானது அல்ல. இருந்தாலும், சிறுநீரில் மூளையைத் தேடுவதென்றால் யூரிக் அமிலத்தைவிட இதில் தேடுவது அறிவுக்குப் பொருந்தும். இந்த ஆய்வகத்தின் கவுன்டரில் அதைக் கேட்டேன். “அது இருக்குதுங்க ஐயா, தனி சார்ஜ். சாம்பிள் பெங்களூர் போகும், ஏழு நாள் ஆகும்” என்றார் அங்கிருந்த பையன்.

ஏழு நாள் என்பதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்கிறேன். பிறப்பின்போது மூளைக்கு ஆக்சிஜனும் இரத்த ஓட்டமும் குறைந்து பாதிப்பு ஏற்பட்ட குழந்தைக்கு இன்று உள்ள முக்கியமான சிகிச்சை, உடலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது. அதைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு நம் ஊரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல், உருகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் பொருளை மெத்தைபோல் அடியில் வைத்துக் குழந்தையைக் குளிர்விக்கும் மிராக்ரேடில் என்ற சாதனம், வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பங்களிப்போடு உருவானது. அதே சமயம், இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஹெலிக்ஸ் என்ற பெரிய ஆய்வில், குளிர்விப்பு மரணத்தையோ ஊனத்தையோ குறைக்கவில்லை; குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காடும் மற்றவர்களில் 31 விழுக்காடும் இறந்தார்கள் என்ற கசப்பான முடிவு வந்தது. எந்தக் குழந்தைக்குக் குளிர்விப்பு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்லும் ஒரு பரிசோதனைக்கு ஆராய்ச்சியாளர்கள் ஏங்குவது இதனால்தான், சிறுநீரைத் தேடிப் போவதும் இதனால்தான். தேவை உண்மையானது. அந்தத் தேவையின் நிழலில் நின்றுகொண்டு, மாதிரியை 9 மணி 40 நிமிடத்தில் எடுத்து, மறுநாள் காலை பத்து மணிக்கு ரிப்போர்ட் அனுப்புவதுதான் பொருந்தவில்லை.

சிறுநீரை நம்பியிருக்கும் எந்தப் பரிசோதனைக்கும் உள்ள இன்னொரு தொல்லையை நோட்டீஸில் எதிர்பார்க்க முடியாது. கடுமையாக மூச்சுத் திணறிய குழந்தையின் உடல், இருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டுச் சிறுநீரகத்தைப் பட்டினி போடுகிறது. அத்தகைய குழந்தை முதல் நாளில் சொட்டுச் சிறுநீர்கூடக் கழிக்காமல் இருக்கலாம். எந்தக் குழந்தைக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ, அந்தக் குழந்தையிடம்தான் மாதிரி கிடைக்காது.

ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். மாதிரியை வாங்க வந்த தம்பி மரியாதையானவர், சொன்ன நேரத்துக்கு வந்தார், கையுறை போட்டுக்கொண்டே குழாயைத் தொட்டார். குழாயை ஐஸ் பொட்டலத்தோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து டேப் ஒட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. “தம்பி, யூரிக் ஆசிடுக்கு ஐஸ் ஆகாதே” என்றேன். “எல்லா சாம்பிளுக்கும் இதான் ப்ரோட்டோகால் ஐயா” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். புரதம் அளப்பதற்குக் குளிர் நல்லது. யூரிக் அமிலத்துக்குக் குளிர் எதிரி, குளிர்ந்த சிறுநீரில் யூரேட் உப்புகள் கரையாமல் படிந்துவிடும். பச்சிளங்குழந்தையின் நாப்கினில் செங்கல் பொடி தூவியதுபோல் இளஞ்சிவப்புக் கறை படுவதைப் பார்த்து இரத்தம் என்று பதறி ஓடிவரும் தாய்மார்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; அந்தக் கறையும் இதே யூரேட்தான், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லாதது.

ரிப்போர்ட் வந்த அன்று நேராக ஆய்வகத்துக்கே போனேன். வேலூரில் வெளிமாநில நோயாளிகள் தங்கும் விடுதிகள் நிறைந்த ஒரு தெருவில், வங்காளத்திலும் இந்தியிலும் பலகை எழுதிய கடைகளுக்கு நடுவே முதல் மாடியில் இருக்கிறது. இடம் சுத்தம், காத்திருக்க நல்ல நாற்காலி, குடிநீர், மின்விசிறி எல்லாம் உண்டு. நான் இந்தத் தொழிலில் இருந்தவன் என்று சொன்னதும், டெக்னீஷியனாக இருந்த பெண் தயங்காமல் குளிர்பெட்டியிலிருந்து மீதி மாதிரியை எடுத்துக் காட்டினார். குழாயின் அடியில் அரை விரல்கடை உயரத்துக்கு இளஞ்சிவப்பு மண்டி. அவர் நேற்று மேல்நீரைத்தான் பிப்பெட்டில் எடுத்து இயந்திரத்தில் வைத்திருக்கிறார். “இதைச் சூடு பண்ணிக் கலக்கி ஒருமுறை போட்டுப் பாரும்மா” என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு சொட்டு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைத்து உருட்டினார். மண்டி கரைந்து, சிறுநீர் தெளிந்த வெளிர்மஞ்சளாக வந்தது. மறுபடி ஓட்டியதில் கிரியாட்டினின் அதே 26. யூரிக் அமிலம் 57. விகிதம் 2.19.

ஒரே சிறுநீர், ஒரே இயந்திரம், முதல் நாள் 1.46, மறுநாள் 2.19. திரையைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. “இதெல்லாம் யாரும் சொல்லித் தரலை சார்” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த பிக்ரேட் வினையில் கிரியாட்டினினையும், யூரிகேஸ் நொதியில் யூரிக் அமிலத்தையும் அளப்பது எந்தச் சிறு ஆய்வகமும் நன்றாகச் செய்யக்கூடிய வேலை, இவர்களும் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு வருமுன் மாதிரிக்கு என்ன நேர்ந்தது, வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்ற இரண்டையும் யோசிக்க வேண்டியவர்கள் தொகுப்பை வடிவமைத்து விலை வைத்தவர்கள். விலையையும் சொல்லிவிடுகிறேன். அதே கவுன்டரில் தொங்கும் கட்டணப் பலகையில் சிறுநீர் யூரிக் அமிலம் 160 ரூபாய், சிறுநீர் கிரியாட்டினின் 140 ரூபாய். ஆக 300. வீட்டுக்கு வந்து எடுக்க 100 என்று வைத்தாலும், மிச்சம் 1,450 ரூபாய் மூளைப் படத்துக்குத்தான்.

இனி அந்த 2.19ஐ என்ன செய்வது? அன்று சாயங்காலமே வேலூரில் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றுக்குப் பேத்தியைக் கொண்டுபோனோம். மருத்துவர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து மேசையில் வைத்துவிட்டு, குழந்தையின் துணியை விலக்கினார். கண் திறந்து வெளிச்சத்தைத் தேடுகிறதா, கை கால் மடங்கி இறுக்கமாக இருக்கிறதா துவண்டிருக்கிறதா, தலையைச் சற்றே தளர்த்தி விட்டால் கைகளை விரித்துத் திடுக்கிடுகிறதா, கண்மணி சுருங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1976இல் சார்னட் தம்பதியர் வகுத்த மூன்று நிலைகளை ஒட்டிய பரிசோதனை அது; இளம், நடு, கடும் பாதிப்பு என்று இன்றும் அதைக் கொண்டுதான் பிரிக்கிறார்கள். வலிப்போ, வாயைச் சப்புக்கொட்டுவது போன்ற அசைவோ உண்டா என்று சிஸ்டரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். கடைசியாகக் கையுறை போட்ட சுண்டுவிரலைக் குழந்தையின் வாயில் வைத்து, “இழுக்கற இழுப்பைப் பாருங்க” என்று என் மகளிடம் சொன்னார். விரலை வெளியே எடுக்கச் சற்றுப் பலம் வேண்டியிருந்தது. பாதிப்பின் அறிகுறி இப்போது எதுவும் இல்லை, தலை ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வோம், மூன்றாம் மாதம் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வாருங்கள் என்றார். மகள் அன்றிரவு சாப்பிட்டாள்.

சேவையின் நல்ல பக்கத்தையும் எழுதாவிட்டால் நேர்மை ஆகாது. குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்காமல், பிஞ்சு உடம்பை நோகடிக்காமல் ஒரு தகவலைப் பெறலாம் என்ற எண்ணமே அருமையானது. ஒடுகத்தூர், பேரணாம்பட்டு போன்ற இடங்களில் உள்ள சிறு பிரசவ மனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மையை அளக்கும் இயந்திரம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அங்கே பிறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்த சிறுநீரில், குழந்தைகளுக்குரிய அளவுகோலை வைத்து, இந்த 300 ரூபாய் விகிதத்தைப் பார்ப்பது, வேலூருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பலாமா வேண்டாமா என்று தடுமாறும் மருத்துவருக்கு ஒரு துணைத் தகவலாக இருக்கும். மருத்துவரின் கையில் அது கருவி. தாயின் கைப்பேசிக்கு நேராக ‘எச்’ என்று போய் விழும்போது அதன் கதை வேறாகிவிடுகிறது. ரிப்போர்ட்டில் மருத்துவர் ஒருவரின் குறிப்புரை இல்லை, கூப்பிட்டுப் பேச ஓர் எண் இல்லை. வாட்ஸ்அப் கோப்பு ஒன்று மட்டும் வந்தது.

ஆய்வக மேலாளரிடம் நான் எழுத்துமூலம் கொடுத்தது நான்கு வரி: படிவத்தில் பிறந்த நேரத்துக்கும் சிறுநீர் கழித்த நேரத்துக்கும் கட்டம் வேண்டும்; யூரிக் அமில மாதிரிக்கு ஐஸ் கூடாது; பச்சிளங்குழந்தைக்குரிய அளவுகோல் அச்சிட வேண்டும்; நோட்டீஸில் மூளை என்ற சொல்லை எடுக்க வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். மாப்பிள்ளை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் 300 ரூபாயை விட்டுவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டேன், அந்தப் பெண் செய்த வேலைக்கு அது கூலி.

ஒரு மாதம் கழித்துப் போன வாரம், வேறு ஒருவருடைய சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்க அந்தப் பக்கம் போனபோது மாடியேறிப் பார்த்தேன். படிவம் புதிதாக அச்சாகியிருந்தது; பிறந்த நேரம், மாதிரி எடுத்த நேரம் என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். குளிர்பெட்டியின் கதவில், யூரிக் ஆசிட் சாம்பிளை உள்ளே வைக்காதீர்கள் என்று அந்தப் பெண்ணின் கையெழுத்தில் ஒரு சீட்டு. அளவுகோல் இன்னும் 0.25 முதல் 0.75 வரைதான். நோட்டீஸ் அப்படியே இருந்தது, மூளைப் படம் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. போன மாதம் ஐந்துக்கு ஒன்று என்று எழுதி வைத்திருந்தேன். இந்த இரண்டு கட்டத்துக்காகவும் ஒரு சீட்டுக்காகவும் இரண்டு.